படுத்துக்கொண்ட படிகள்

கடலூர் புதுப்பாளையத்தில், காலமான லைன்மேன் ராபர்ட்டின் வீட்டு வாசலில் புதிதாகக் கட்டியிருந்த நான்கு கிரானைட் படிகளும், ஆகஸ்ட் மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குப் படுத்துக்கொண்டன. இடியவில்லை, விரிசல் விடவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, நீண்டு, வாசற்கதவிலிருந்து தெருக்கேட் வரைக்கும் ஒரே சரிவாகிவிட்டன. அந்த நேரத்தில் வீடு பார்க்க நெய்வேலியிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி அங்கே இருந்தார்கள். அந்த அம்மாள் இரண்டாவது படியில் நின்றிருந்தார். அவருக்கு அடி எதுவும் படவில்லை, ஒரு செருப்பு மட்டும் கல்லுக்கடியில் போய்விட்டது. அன்று முதுநகரில் வஞ்சிரம் கிலோ எண்ணூறுக்கு விற்றது. காற்று இல்லை, மழை இல்லை, நில அதிர்வு எதுவும் பதிவாகவில்லை. வீட்டை விற்பனைக்குத் தயார் செய்துகொண்டிருந்த ஜெயப்பிரகாஷ், சிமென்ட் சரியில்லை என்று சொல்லித் தம்பதியைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போனார். அவர்கள் திரும்பி வரவில்லை.

படிகள் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்ததும் சரிவுதான். ராபர்ட்டின் மகள் சிந்துஜாவுக்கு ஆறு வயதில் மூன்று நாள் காய்ச்சல் வந்து, நான்காம் நாள் இடுப்புக்குக் கீழே அசைவு இல்லாமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே ராபர்ட் கடப்பாரை எடுத்து வாசற்படியைத் தானே உடைத்துச் சாய்தளம் போட்டார். கதவுகளை அகலப்படுத்தினார். சுவிட்சுகளையெல்லாம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்கு இறக்கினார். குளியலறையில் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய்கள் பதித்தார். மகள் பன்னிரண்டு வயதில் தானே தோசை ஊற்ற வேண்டும் என்று சொன்னதும் அடுப்பு மேடையையும் இடித்துத் தாழ்த்தினார். அவர் மனைவி ராசம்மாள் நல்ல உயரம், அன்றிலிருந்து முக்காலி போட்டு உட்கார்ந்து சமைத்தார். சிந்துஜாவுக்கு நான்கு வயது மூத்த அண்ணன் சார்லஸ், விளக்குப் போடவும் ஃபேன் போடவும் குனிந்தே வளர்ந்தான். அதை அவன் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. மறக்கவும் இல்லை.

சிந்துஜா சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் பட்டம் படித்தாள். தேர்வு எழுதி அரசு வேலைக்கு வந்தாள். கடலூரில் ஓர் அலுவலகத்தின் மனுப் பிரிவில் ஒன்பது வருடமாக ஊரார் மனுக்களுக்கு எண் போட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தாள். மூன்று சக்கர ஸ்கூட்டரில் தானே போவாள், தானே வருவாள். அவளாக ஒரு மனு எழுதியதில்லை. அப்பா இறந்து நான்கு வருடம் கழித்து, அவளுடைய முப்பத்தொன்றாவது வயதில், வீடு தன் அண்ணன் பேரில் இருப்பதை அவள் தெரிந்துகொண்டாள். தெரியவந்த விதம் இப்படி: அவள் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது நடுக்கூடத்தில் முன்பின் தெரியாத ஒரு மனிதர் அளவு நாடா பிடித்துக்கொண்டிருந்தார். மறுமுனையைச் சார்லஸ் பிடித்திருந்தான்.

அந்த மனிதர்தான் ஜெயப்பிரகாஷ். புதுச்சேரிக்காரர். விற்கப்போகிற வீட்டுக்குச் சாயம் பூசி, வாடகை சோபா போட்டு, திரை மாட்டி, பழத்தட்டு வைத்து, வருகிறவர்கள் கண்ணுக்கு நல்லபடியாகக் காட்டுவது அவர் தொழில். அவர் சிந்துஜாவைப் பார்க்காமல், அவளுடைய நாற்காலிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரைத் தட்டினார்.

"வீடு பாக்க வர்றவுங்க இதுல தங்களப் பாக்கணும் சார். இப்ப வேற யாரையோ பாக்குறாங்க. ராம்ப்பு, கம்பி, கீழ கெடக்கற சுவிட்சு, எல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது. இதயெல்லாம் எடுத்துட்டா ரேட்டு ஜாஸ்தி போவும்."

"எடுத்துடுங்க," என்றான் சார்லஸ்.

"வீட்ட விக்கிறோமாண்ணா?" என்று கேட்டாள் சிந்துஜா.

அப்பா தன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டதைச் சார்லஸ் அப்போது சொன்னான். சாட்சிக் கையெழுத்துப் போட்டது அம்மா. சென்னையில் ஏழாவது மாடியில் ஒரு ஃபிளாட் பார்த்திருப்பதையும், அதில் அவளுக்கும் அம்மாவுக்கும் ஓர் அறை இருப்பதையும், வேலையை மாற்றல் வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் சொன்னான். அதுவரைக்கும் ஒரு மாதம் லீவு போட்டுவிட்டுச் சிதம்பரத்தில் சின்னம்மா வீட்டில் இருக்கச் சொன்னான். ஆள் வந்து பார்க்கிற நேரத்தில் அவள் இங்கே இருக்க வேண்டாம் என்று ஜெயப்பிரகாஷ் சொல்வதாகவும் சொன்னான். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டான். சிந்துஜா அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ராசம்மாள் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே உரித்த வெங்காயத்தை.

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. கோபம் அவளுக்குக் காய்ச்சல் மாதிரி மேலே ஏறவில்லை, கீழே இறங்கி, இருபத்தைந்து வருடமாக எதுவும் உணராத கால்களில் போய்த் தங்கியது. அங்கே ஒரு கனம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் அவளைக் காரில் ஏற்றிச் சிதம்பரத்தில் இறக்கிவிட்டார்கள். ஸ்கூட்டரைக் கடலூரிலேயே ஷெட்டில் பூட்டி வைத்தார்கள். ராசம்மாளைச் சார்லஸ் தன்னோடு சென்னைக்கு அழைத்துப் போனான்.

சின்னம்மா சவரியம்மாள் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனுஷி. வாளைமீன் குழம்பு வைத்து, முள் எடுத்துத் தட்டில் போட்டார். ஆனால் அண்ணாமலை நகர் ரயில்வே கேட் பக்கம் இருந்த அவர் வீட்டுக்கு வாசலில் ஐந்து படி. குளியலறைக்கு இரண்டு படி, கதவு ஒன்றே முக்கால் அடி. சக்கர நாற்காலி நுழையாது. ஒவ்வொரு தடவையும் சவரியம்மாளின் மகன் அன்பரசு வந்து தூக்கிக்கொண்டு போய் உள்ளே உட்காரவைக்க வேண்டும். அன்பரசு நாற்பது வயது ஆட்டோ டிரைவர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கூச்சத்தோடு முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டுதான் தூக்குவான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விடப் பொறுக்கவில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். சாப்பாட்டைக் குறைத்தாள். ஒன்பது வருடம் சம்பளம் வாங்கியவள், தன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குளித்தவள், அன்பரசுவின் ஆட்டோ சத்தத்துக்குக் காது வைத்துக் காத்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அன்பரசு பிச்சாவரத்துக்கு நீண்ட சவாரி போய்விட்டான். படகுத்துறையில் கூட்டம், திரும்ப நேரமானது. சவரியம்மாள் தெருவில் ஆள் தேடிப் போனார். சிந்துஜா காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்று பத்துவரை பொறுத்திருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. நாற்காலி நனைந்து, தரையில் சொட்டியது. சவரியம்மாள் ஓடிவந்து துணியை எடுத்தபோது, சிந்துஜா யாரையும் பார்க்காமல், மனுவுக்கு எண் சொல்வதைப் போலச் சொன்னாள்: "என்ன இனிமே யாரும் தூக்க வேணாம்." இரண்டு ஊருக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடலூரில் படிகள் அந்த நிமிடத்தில்தான் படுத்தன.

ஜெயப்பிரகாஷ் படிகளைத் திரும்பக் கட்டவைத்தார். மேஸ்திரி பழனிவேல் இருபது வருட அனுபவஸ்தர், உள்ளே கம்பி கொடுத்துக் கட்டினார். ஆறாம் நாள் கம்பியோடு சேர்ந்து படுத்தன. அதற்குள் வீட்டுக்குள்ளேயும் ஆரம்பித்துவிட்டது. நான்கரை அடி உயரத்துக்கு ஏற்றிய சுவிட்சுப் பலகைகள், பூசிய பெயிண்டில் ஒரு கீறலும் இல்லாமல், இரண்டரை அடிக்கு இறங்கி நின்றன. எலெக்ட்ரீஷியன் மூன்று முறை ஏற்றினார், மூன்று முறை இறங்கின. உயர்த்திக் கட்டிய அடுப்பு மேடை ஒரு நாளைக்கு ஓர் அங்குலமாகத் தாழ்ந்து பழைய உயரத்துக்கு வந்தது. குளியலறைக் கதவு நிலை, பக்கத்து டைல்ஸ்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டு அகன்றது. கூடத்தில் ஜெயப்பிரகாஷ் ஒரு குடும்பப் படத்தைக் கடையில் சட்டத்தோடு வாங்கி மாட்டியிருந்தார், யாரென்று அவருக்கே தெரியாத அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், புல்வெளியில் நின்று சிரிப்பது. ஒரு புதன்கிழமை பார்த்தபோது நான்கு பேரும் அதே சிரிப்போடு உட்கார்ந்திருந்தார்கள்.

சார்லஸ் சென்னையிலிருந்து வந்து ஒரு போதகரை வரவழைத்தான். போதகருக்கு எழுபது வயது, முழங்கால் தேய்மானம். வாசல் சரிவில் சிரமமில்லாமல் ஏறிவந்து, அரைமணி நேரம் ஜெபித்து, அப்படியே இறங்கினார். கேட் அருகே திரும்பிப் பார்த்து, இதில் தீயது எதுவும் தனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் முறையும் படிகள் படுத்தபோது பழனிவேல் கரணையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டார். "நாங்க கட்டுறோம், அது படுக்குது சார். எங்க வேலையில தப்பில்ல. அதுக்கு நிக்க இஷ்டமில்ல," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சார்லஸ் சிதம்பரம் போனான். சவரியம்மாள் வீட்டு வாசலில் மூன்றாவது படியில் நின்றுகொண்டான், உள்ளே வரவில்லை. சிந்துஜா நிலைக்கு உள்ளே இருந்தாள்.

"என்ன பண்ற சிந்து நீ?"

"உக்காந்திருக்கேன். நீதான கொண்டாந்து உக்கார வச்ச."

"மூணு தடவ கட்டியாச்சு. வர்ற பார்ட்டியெல்லாம் ஓடிப்போவுது. இது உன் வேலதான்னு எனக்குத் தெரியும். இந்தக் கோவத்த விடு."

"நீ வீட்ட விடு. நான் கோவத்த விடுறேன்."

"உன்ன நடுத்தெருவுலயா வுட்டேன்? ரூம் பாத்து வச்சிருக்கேன், லிஃப்ட் இருக்குது."

"லிஃப்ட் நின்னா?"

சார்லஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, அவன் சொல்ல நினைத்திராத ஒன்று அவன் வாயிலிருந்து வந்தது.

"இருபத்தஞ்சு வருஷமா அந்த வீடே உனக்காகக் குனிஞ்சு நிக்குது. அப்பா, அம்மா, நான், எல்லாரும் குனிஞ்சு நின்னோம். எனக்கு ஒரு நாளாவது நேரா நிக்கணும். அது தப்பா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை என்பது சிந்துஜாவுக்குத் தெரிந்தது. அது கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது.

"தப்பில்ல. நீ நேரா நில்லுண்ணா. என் வீட்ட ஏன் நிமித்துற?"

அரிசி மூட்டையை இறக்குகிற சத்தத்தோடு சவரியம்மாள் வீட்டின் ஐந்து படிகளும் படுத்தன. மூன்றாவது படியில் நின்ற சார்லஸ் தடுமாறிப் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான். சிந்துஜா சக்கரத்தைத் தள்ளி, நிலையைத் தாண்டி, அவனை உரசாமல் அவன் பக்கத்தில் இறங்கித் தெருவுக்குப் போனாள். சவரியம்மாள் பின்னாலேயே ஓடிவந்து அவள் மடியில் கைப்பையை வைத்தார்.

பஸ் நிலையம்வரை தானே தள்ளிக்கொண்டு போனாள். வழியில் நடைமேடை விளிம்புகள் அவள் வர வரத் தணிந்தன. டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். கடலூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அதற்கு முன் அவள் தானாகப் பஸ்ஸில் ஏறியதே இல்லை, யாராவது தூக்கி ஏற்றியிருக்கிறார்கள். முன்வாசல் அருகே போய் நிறுத்தினாள். பஸ் படிகள் மூன்றும் தரைவரைக்கும் படுத்தன. அவள் ஏறினாள். கண்டக்டர் செந்தமிழ்செல்வன் நாற்காலி ஓடாமல் இருக்கத் தன் துண்டால் கம்பியில் கட்டினார்.

"எங்க போவணும்?"

"கடலூர். புதுப்பாளையத்துல நிக்குமா?"

"எக்ஸ்பிரஸ்ஸும்மா. பஸ் ஸ்டாண்டுதான்."

புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் ஜன்னலில் போயின. இப்போது கோபம் தீர்ந்திருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். தீரவில்லை. இத்தனை காலம் இது இப்படி எளிதாக இருந்திருக்க முடியும் என்பது புதுக் கோபமாக வந்து பழையதோடு சேர்ந்துகொண்டது. பெண்ணையாற்றிலும் கெடிலத்திலும் வெள்ளம் வந்த வருடங்களில் ஊரே படகில் ஏறியது. அவளை மட்டும் போர்வையில் சுருட்டித் தூக்கினார்கள். பள்ளி ஆண்டுவிழாவில் பரிசை மேடையிலிருந்து இறங்கிவந்து கொடுத்தார்கள், கூட்டம் அதற்குக் கைதட்டியது. எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கடலூர் வந்து இறங்கியபோது செந்தமிழ்செல்வன் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பஸ் படிகள் படுத்தபடியேதான் இருந்தன. அந்த வண்டி அதன்பிறகு மூன்று வருடம் அதே தடத்தில் ஓடியது, மூட்டுவலிக்காரர்கள் அதற்கென்று காத்திருந்து ஏறினார்கள்.

வீட்டில் ஜெயப்பிரகாஷ் பிளாஸ்டிக் பூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு விருத்தாசலத்திலிருந்து ஒரு பார்ட்டி வருவதாகச் சொன்னார்.

"இந்தப் படத்துல இருக்கறவுங்களையும் கூட்டிக்கிட்டு இன்னைக்கே கெளம்புங்க," என்றாள் சிந்துஜா. அவர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். மாலைக்குள் வேன் வந்து சோபா, திரை, பழத்தட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் ராசம்மாள் தனியாகச் சென்னையிலிருந்து வந்தார். கூடத்தில் பையை வைத்துவிட்டு, "சாப்டியா?" என்று கேட்டார்.

"ஏம்மா கையெழுத்து போட்ட?"

"பொண்ணு பேருக்கு எழுதுனா நாளைக்கு எவனாவது ஏமாத்தி வாங்கிக்குவான்னு உங்கப்பா பயந்தாரு. அவன் ஆம்பளப்புள்ள, உன்னப் பாத்துக்குவான்னு நெனச்சோம்."

"ஏமாத்துனது யாரும்மா?"

ராசம்மாள் முக்காலியைத் தேடினார், அதை ஜெயப்பிரகாஷின் ஆட்கள் எங்கோ போட்டுவிட்டிருந்தார்கள். தரையில் உட்கார்ந்தார். அந்த வருடம் முழுக்க அம்மாவும் மகளும் அரிசி, பால், மருந்து என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. மறு வருடம் கொஞ்சம் பேசினார்கள்.

வீட்டை வாங்க யாரும் வரவில்லை. இரண்டாம் வருடக் கடைசியில், சென்னையில் சார்லஸ் குடியிருந்த அடுக்கக மாடிப்படி லேசாகச் சாயத் தொடங்கியிருப்பதை அவன் மனைவி ஜான்சிதான் முதலில் கவனித்தாள். பால் பாக்கெட் வைத்தால் உருண்டது. "எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்க," என்றாள். சார்லஸ் கடலூர் வந்தான். பத்திரம் பதிகிற இடம் முதல் மாடியில் இருந்தது, பதினேழு படி. சிந்துஜா கீழே வந்து நின்றதும் பதினேழும் வரிசையாகப் படுத்தன. பதிவாளர் எட்டிப்பார்த்து, அடுத்தது யார் என்று கேட்டார். சார்லஸ் கையெழுத்துப் போட்டான். இறங்கும்போது அவள் பக்கத்திலேயே நடந்தான்.

"இப்பவாவது கோவம் போச்சா?"

"இல்ல."

"இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"உங்கிட்ட ஒண்ணும் வேணாம். கோவம் இருக்குது. அவ்ளோதான்."

கோபம் இருந்தது. அடுத்த வருடங்களில் கடலூரில் அவள் போன இடமெல்லாம், மருந்துக்கடை, பாத்திரக்கடை, ஆலயத்தின் மூன்று படி, ஜவுளிக்கடையின் ஒன்பது படி, ஒவ்வொன்றாகப் படுத்தன. வருவாய்த் துறையில் முதலில் இதை இயற்கை இடர்ப்பாடு என்ற தலைப்பில் எழுதினார்கள். பிறகு பராமரிப்பு என்று மாற்றினார்கள். புது வீடு கட்டுகிறவர்களிடம் பழனிவேல், படி வேண்டுமா சரிவு வேண்டுமா என்று கேட்பதை விட்டுவிட்டு நேரே சரிவுக்கு அளவு எடுத்தார். மனுப் பிரிவுக்கு ஒரு புதுவகை மனு வரத் தொடங்கியது. நெல்லிக்குப்பத்தில் கரும்பு போடுகிற வீட்டுப் பெண் ஸ்ரீமதி, பிறவியிலேயே நடக்காதவள், பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளியில் பொதுத்தேர்வு அறை மாடியில் இருப்பதாகவும், கீழே இறக்கித் தர முடியாதென்று சொல்லிவிட்டதாகவும், அம்மையார் ஒருமுறை நேரில் வந்து கோபப்படும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்வதாகவும் எழுதியிருந்தாள். சிந்துஜா மனுவுக்கு எண் போட்டாள். தாழ்மையுடன் என்ற சொல்லைப் படித்தபோதே கோபம் வந்துவிட்டது. சனிக்கிழமை ஸ்கூட்டரில் அவள் போய்ச் சேர்ந்தபோது மாடிப்படி ஏற்கெனவே படுத்திருந்தது. ஸ்ரீமதி அதில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

வடலூர், குறிஞ்சிப்பாடி, புவனகிரி என்று மனுக்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் எண் போட்டாள். சிரிக்கிறாளா, கோபம் தணிந்ததா என்று சிலர் அக்கறையாக விசாரித்தார்கள். அப்படி விசாரித்தவர்களின் வீட்டுப் படியும் படுத்தது.

சென்ற ஜூன் மாதம் அவளுக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. திங்கட்கிழமை முற்பகல் பணியில் சேர வேண்டும். அந்த அலுவலகத்துக்கு வாசலில் ஏழு படி, இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ் தொட்டிகள். யாரும் சொல்லவில்லை, சுற்றறிக்கை எதுவும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையே காவலாளி ராஜாமணி தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மதில் ஓரமாக வைத்துவிட்டு, படிகளைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்.